கண்ணைக் காட்டப் போனேன், முதுகைப் பற்றிக் கேட்டார்கள்

இன்றுதான் என் முதுகுவலிக்கு ஒரு பெயர் கிடைத்தது.

அதற்கு வழி காட்டியவர் ஒரு கண் டாக்டர். (ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள்.)

கல்யாணமாகிக் கடத்தூருக்கு வந்த கொஞ்ச நாளிலேயே ஆரம்பித்த வலி இது. விடியற்காலையில் இடுப்பும் முதுகும் பலகை மாதிரி விறைத்துக்கிடக்கும். சில நாள் கழுத்தும் திரும்பாது. கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து, வாசல் தெளிப்பதற்குள் வெயில் வந்துவிடும்.

கூத்து என்னவென்றால், பத்து மணிக்கு மேல் வலி மெல்ல இறங்கிவிடும். மாட்டுக்குப் புல் அறுப்பேன். தக்காளிக் கூடை தூக்குவேன்.

அதுவே எனக்கு வினையாகிப் போனது.

என் மாமியார் கெட்டவர் இல்லை. கண்ணால் பார்த்ததை நம்பினார், அவ்வளவுதான். எதிர் வீட்டு அக்காவிடம் ஒருநாள் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"காலைல வேலை இருக்கறப்ப மட்டும் இவளுக்கு இடுப்பு புடிச்சுக்குது. பத்து மணிக்கு மேல வந்து பாரு, நல்லாத்தான் ஓடியாடறா."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தானே தெரியும்?

காட்டாத இடமில்லை. ஒருவர் வாயு என்றார். இன்னொருவர் டிஸ்க் தேய்மானம் என்று பெல்ட் கொடுத்தார். படுத்து ஓய்வெடுக்கச் சொல்லாதவர்களே கிடையாது. படுத்தால்தான் அதிகமாகிறது என்றால் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு கட்டத்தில் நானே சொல்வதை விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒரு கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசியது. முன்பும் வந்ததுண்டு. மெட்ராஸ் ஐ என்று கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்வேன். இந்த முறை பார்வையே மங்கியதும் என் வீட்டுக்காரர் பயந்துபோய் தர்மபுரிக்குக் கூட்டிப்போனார்.

அங்கிருந்த டாக்டரம்மா நெடுநேரம் சோதித்தார். இது தொற்று இல்லை, கண்ணுக்குள்ளே அழற்சி என்றார். மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர், பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"காலைல எழுந்திரிக்கும்போது முதுகு விறைச்சிக்குதாம்மா? நடமாட நடமாட சரியாவுதா?"

 எனக்கு அழுகைதான் வந்தது.

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் பதில் சொன்னார்.

"ஆமாங்க மேடம். நாங்கதான் நம்பலைங்க."

டாக்டரம்மா சொல்லித்தான் சேலத்தில் மூட்டுவாத டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். இன்று முடிவு வந்தது. ஆங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ். (பெயரைச் சொல்வதற்குள்ளேயே முதுகு வலிக்கிறது.) உடம்பின் பாதுகாப்புச் சக்தியே முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்குமாம். சிலருக்குக் கண்ணையும் விட்டுவைக்காதாம்.

முழுசாகக் குணமாகாது. ஆனால் மருந்தும் உடற்பயிற்சியும் விடாமல் இருந்தால், எலும்புகள் ஒட்டிப்போய் முதுகு வளைவதைப் பெரும்பாலும் தடுக்கலாம் என்றார் சேலத்து டாக்டர். இன்னும் முன்னாடியே வந்திருக்கலாம் என்றும் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். சந்தோஷமா, துக்கமா என்று தெரியவில்லை. அசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

முதுகுவலி எல்லாமே வேலை செய்து வருவதில்லை. மாதக்கணக்கில் போகாமல், படுத்தால் கூடி, நடந்தால் குறைகிற வலி உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இருந்தால், டாக்டரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். கண் சிவப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் தன் அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினார். மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து நின்றார்.

"அப்ப நெசமாவே வலிச்சுதா உனக்கு?"

"வலிச்சுதுங்க அத்தை."

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அதைக் கேட்டது இன்றுதான்.