கால் சுற்று தளர்த்திய நட்டு

பெரியவனே, சின்னவளே, இதை உங்களிடம் நேரில் சொல்ல மூன்று முறை வாயெடுத்தேன். ஒரு முறை உங்கள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். மற்ற இரண்டு முறையும் எனக்குத்தான் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாம் மேனாம்பேட்டில் இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்த மறு வருஷம், கோடை விடுமுறையில் நடந்தது. மூன்றாவது மாடி அங்கிளின் பழைய அம்பாசடர் காரை நான் ஸ்டார்ட் செய்து காட்டினேனே, அந்தக் கதைதான். நீங்கள் அதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னீர்கள், கல்யாண வீட்டில் சொன்னீர்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொன்னீர்கள். அதில் பாதிதான் உங்களுக்குத் தெரியும்.

அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஒருநாள் அந்த டீசல் அம்பாசடரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து நம் பார்க்கிங்கில் இறக்கினார். திருவள்ளூர் தாண்டி ஏதோ அரிசி மில் கொட்டகையில் வருஷக்கணக்காகக் கிடந்ததாம். கதவுக்குள் எலி கூடு கட்டியிருந்தது. தரைத்தகடு துருப்பிடித்து, சீட்டில் உட்கார்ந்தால் காலடியில் தரை தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு ஞாயிற்றுக்கிழமை தாங்கமாட்டார் என்று நினைத்தேன்.

தாங்கினார். ஒரு வருஷம் தாங்கினார். போனில் வீடியோவை ஓடவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கழற்றினார், மாட்டினார். பளபளவென்று ஒரு பெட்டி நிறைய ஸ்பேனர் வாங்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் பெட்டிக்குள் தனித்தனிக் குழி. எடுத்து, துடைத்து, திரும்ப அந்தக் குழியிலேயே வைப்பார். சனி ஞாயிறு ஆனால் நீங்கள் இரண்டு பேரும் அங்கேதான் இருப்பீர்கள். அவருடைய பெண்ணும் சேர்ந்துகொள்ளும். "பதினாலாம் நம்பர் குடுலே" என்று அவர் கேட்டால், கேட்ட வாய் மூடுவதற்குள் பெரியவன் எடுத்துக் கொடுப்பான். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால் அரை மணி நேரம் ஆகும்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நான் பத்தாவது முடித்த கையோடு மண்ணூர்பேட்டையில் டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் சேர்ந்தவன். பன்னிரண்டு வருஷம் அங்கேதான். லாரி பம்ப், டிராக்டர் பம்ப், அம்பாசடர் பம்ப் என்று எவ்வளவோ பிரித்திருக்கிறேன். புது மாதிரி வண்டிகள் வந்து கடை படுத்துவிட்டது. அப்புறம்தான் செம்பரம்பாக்கம் தாண்டி இந்தக் குடோன் வேலை. உங்களுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நீங்கள் பார்த்தது, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு போய்ப் பெட்டிகளை எண்ணிவிட்டு வரும் அப்பாவைத்தான்.

கடையில் இருந்த காலத்தில் நான் வீட்டுக்கு வந்தால் உங்கள் அம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவாள். "குளிச்சுட்டு வா, டீசல் நாத்தம் குடலப் புடுங்குது" என்பாள். அதே நாற்றத்தோடு நீங்கள் அந்தக் காரிலிருந்து வந்தபோது அவள் சிரித்தாள். "பாருங்க, உங்க புள்ளைங்க மெக்கானிக் ஆயிடுச்சுங்க" என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குள்ளே எரிந்தது. நான் வயிற்றுக்காகச் செய்ததை அந்த மனிதர் பொழுதுபோக்காகச் செய்கிறார். எனக்கு அதில் கிடைத்தது நகக்கண்ணில் போகாத கறுப்பு. அவருக்குக் கிடைத்தது என் பிள்ளைகள்.

என்னை ஒரு வார்த்தை கேட்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? நான் யாரிடமும் சொல்லியதில்லை. அந்தக் கார் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல்தான் போவேன், வருவேன். அவர் "சாப்பிட்டாச்சா அண்ணாச்சி" என்பார். நான் "ஆச்சு சார்" என்பேன். அவ்வளவுதான் பேச்சு.

வண்டி ஓட ஆரம்பித்தது. பேப்பரெல்லாம் சரிசெய்து, பங்க் வரை போய் டீசல் போட்டுக்கொண்டும் வந்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய பெண்ணுக்குப் புதுநன்மை. அவர்கள் மாதா கோயிலில் பிள்ளைகள் முதல் தடவையாக அப்பம் வாங்கும் நாள். வெள்ளை கவுன், தலையில் வெள்ளைக் கிரீடம், வீட்டில் கல்யாணம் மாதிரி ஏற்பாடு. பெண் அந்தக் காரில்தான் போகும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஊரிலிருந்து அவர் சொந்தக்காரர்களும் வந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரியவன் என் பக்கத்தில் உட்கார்ந்து விடுமுறை ஹோம்வொர்க் மாதிரி ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். திடீரென்று, "அங்கிளுக்கு இன்ஜின் பூரா தெரியும்ப்பா. உனக்கு இதெல்லாம் தெரியாதுல்ல?" என்றான். கேலி இல்லை. நிஜமாகத்தான் கேட்டான். "தெரியாது" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் பால் வாங்கப் போனேன். வாட்ச்மேன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். காரின் பானெட்டுக்கு அப்போது பூட்டு மாட்டியிருக்கவில்லை. தூக்கினால் வந்துவிடும். தூக்கினேன். டேங்கிலிருந்து டீசல் வரும் குழாய், சின்ன பம்பில் சேரும் இடத்தில் ஒரு நட்டு இருக்கும். பக்கத்திலேயே அவருடைய பெட்டி. அந்தப் பளபள ஸ்பேனரையே எடுத்துக் கால் சுற்று தளர்த்தினேன். திரும்பத் துடைத்து அதன் குழியில் வைத்தேன்.

அந்த இடத்தில் தளர்ந்தால் ஒரு சொட்டு டீசல்கூட வெளியே வராது. பம்ப் இழுக்கும்போது காற்று உள்ளே போகும். டீசல் வண்டிக்குக் குழாயில் காற்று புகுந்தால் தீர்ந்தது. இருமும், நின்றுவிடும். பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. பம்ப் கடையில் வேலை செய்தவனுக்குத்தான் தெரியும். வண்டி கேட்டைத் தாண்டாது, யாருக்கும் ஆபத்து இல்லை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். பால் பாக்கெட்டோடு மாடியேறியபோது என் மனசு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, லேசாக இருந்தது.

பத்து மணிக்கு ஃபிளாட் பிள்ளைகள் எல்லோரையும் ஏற்றி ஒரு ரவுண்டு கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. அப்புறம் இருமவும் இல்லை. அவர் பானெட்டைத் திறந்தார், போனைப் பார்த்தார், திரும்பச் சாவியைத் திருகினார். பேட்டரி தீனமாக முனகியது. நான் பால்கனியில் நின்று பார்த்தேன்.

"நேத்து வர நல்லாத்தான ஓடிச்சு" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருந்தார்.

"கவலைய வுடு சார். நாலாளப் போட்டு மாதா கோயிலு வரிக்கும் தள்ளிக்கினே பூடலாம். கோயிலு தேரு மாரி கீது வண்டி" என்றார் வாட்ச்மேன். ஊரிலிருந்து வந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

தெருமுனை மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்கள். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பம்ப் பூட்ச்சு சார். எறக்கி அனுப்பணும். பத்து நாளு ஆவும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் மெதுவாகக் கீழே இறங்கி வந்தேன். எதற்கு என்று கேட்டால், பக்கத்திலிருந்து பார்ப்பதற்குத்தான். அதையும் மறைக்கவில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தது. கிரீடத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும் போல, அதோடேயே வந்துவிட்டது. புதுநன்மைக்கு முந்தின நாள் சாயங்காலம் பிள்ளைகள் கோயில் சாமியாரிடம் போய்த் தங்கள் தப்பையெல்லாம் சொல்ல வேண்டுமாம். ஒரு வாரமாக அந்தப் பெண் தன் தப்புகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்ததை சின்னவள்தான் எனக்குச் சொல்லியிருந்தாள். அது தன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, சின்னக் குரலில் கேட்டது:

"டாடி, டிபன் பாக்ஸ் சோத்த நாய்க்குப் போட்டுட்டு, சாப்ட்டேன்னு பொய் சொன்னேன்ல, அதுக்குத்தான் வண்டி ஸ்டார்ட் ஆகலையா?"

அவர், "அதெல்லாம் இல்லம்மா, மேல போ" என்றார். அது போகவில்லை. அழவும் இல்லை. காரையே பார்த்துக்கொண்டு நின்றது. என் தப்பை எட்டு வயசுப் பிள்ளை ஒன்று தன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டு நிற்பதை இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன்.

"சார், நான் ஒரு தபா பாக்கட்டா?" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். "உனக்குத் தெரியுமாப்பா?" என்று பெரியவன் கேட்டான்.

அங்கேயும் நான் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை. நேராக அந்த நட்டுக்குப் போனால் சந்தேகம் வருமே என்று, சரியாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்த இடங்களையெல்லாம் முதலில் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். தலையை ஆட்டினேன். கடைசியில்தான் அதற்கு வந்து இறுக்கினேன். பிறகு காற்று வெளியேறும் ஸ்குரூவைத் திறந்து, கைப்பம்பை அடித்துக் காற்றை எடுத்தேன். முதலில் நுரையாக வந்தது. அப்புறம் சுத்தமான டீசல். ஸ்குரூவை மூடிவிட்டு வாட்ச்மேனையும் இன்னும் மூன்று பேரையும் தள்ளச் சொன்னேன். நான் உள்ளே உட்கார்ந்து, கியரில் போட்டுக் கிளட்சை விட்டதும் பிடித்துக்கொண்டது. அந்தப் பழைய இன்ஜின் கடகடவென்று ஓடிய சத்தத்தில் பார்க்கிங்கே அதிர்ந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். சின்னவள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பெரியவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வருஷமாக எந்தப் பார்வைக்காக ஏங்கினேனோ, அதே பார்வை. அது கிடைத்த நிமிஷத்தில் அதை என்னால் பார்க்க முடியவில்லை. குனிந்து கையைத் துடைத்துக்கொண்டேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு தெரிஞ்சவரப் பக்கத்துல வச்சிக்கிட்டு நான் வீடியோ பாத்திருக்கேன் பாருங்க. நாளைக்கி நீங்கதான் ஓட்டணும் அண்ணாச்சி" என்றார். நீங்கள் சாக்பீஸ் எடுத்து, பார்க்கிங் தூணில் பெரிய எழுத்தில், 'இந்த வண்டியை சரி பண்ணது எங்க அப்பா' என்று எழுதினீர்கள்.

ஞாயிறு காலை நான்தான் ஓட்டினேன். பின்சீட்டில் வெள்ளை கவுனோடு அந்தப் பெண்ணும், அதன் இரண்டு பக்கமும் நீங்களும். வழியெல்லாம் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். சாமியாரிடம் அது என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. ஆனால் முதலில் எதைச் சொல்லியிருக்கும் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

விருந்து முடிந்து அவர் எச்சில் இலைக் கட்டோடு கீழே வந்தபோது சொல்லிவிட்டேன். "சார், அந்த நட்ட லூஸ் பண்ணது நான்தான்."

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்ததைத் தரையில் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "எம் பிள்ளகிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்?" என்று மட்டும் கேட்டார். அப்புறம், "உங்க பிள்ளைககிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன்" என்றார். லிஃப்ட் இருந்தும் படியேறிப் போனார். அடுத்த வாரம் பானெட்டுக்குப் பூட்டு மாட்டினார். பாக்கியிருந்த வேலையா, என்னாலா என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கும் "சாப்பிட்டாச்சா" என்கிறார். அண்ணாச்சி என்பது நின்றுவிட்டது.

தூணில் எழுதியதை வாட்ச்மேன் அழித்துவிட்டார் என்று ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தீர்களே, அது அவர் இல்லை. போய் மன்னிப்புக் கேளுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நீங்கள் மேலே கேக் தின்றுகொண்டிருந்த நேரத்தில், துண்டை நனைத்துக்கொண்டு நான் தனியாகக் கீழே போனேன். 'எங்க அப்பா' என்ற இரண்டு வார்த்தையை மட்டும் துடைத்தேன். சொரசொரப்பான தூண், சீக்கிரம் போகவில்லை. அழுத்தித் துடைக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து யாராவது என்னைப் பாராட்டினால் சந்தோஷம் வருவதற்கு முன்னால், இதில் நானே கெடுத்தது எவ்வளவு என்றுதான் மனசு பார்க்கிறது.