அப்பாவுக்குத் தெரிஞ்சவர்

எண்பதுகளின் நடுவில், சென்னையில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஏசி அறைக்குள் போய்க் கம்ப்யூட்டரைத் தரிசித்துவிட்டு வரவேண்டிய காலம் அது. என் ஊர் பழவேற்காடு ஏரியின் அக்கரையில் ஒரு மீனவர் குப்பம். திருப்பாலைவனம் வழியாகப் போகும் பஸ்ஸில் கடைசி வரை போய், அங்கிருந்து படகு பிடிக்க வேண்டும். என் நைனா ஏரியில் வலை போடுகிறவர். அம்மா பொன்னேரிக்குக் கூடை தூக்கிப் போய் மீன் விற்கிறவள்.

இப்போது சுலபமாக எழுதிவிட்டேன். அப்போது விடுதியில் யாரிடமும் இதில் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. சேர்ந்த புதிதில் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாரோ கருவாடு கொண்டு வந்திருக்காங்கப்பா" என்றாள். கொண்டு வந்தது நான்தான். யாருக்கும் தெரியாமல் பொட்டலத்தைக் குப்பையில் போட்டேன். அதற்குப் பிறகு அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "இறால் ஏற்றுமதி, பொன்னேரியில் வீடு" என்று சொல்லத் தொடங்கினேன். நைனா பிடிக்கிற இறால் எப்படியும் ஏதோ ஒரு நாட்டுக்குப் போகத்தானே போகிறது, இதில் பொய் என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் வேறு.

டேட்டாபேஸ் பாடத்துக்கு இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும். தலைப்பை நாங்களே தேர்ந்தெடுக்கலாம். "லைப்ரரி, ஆஸ்பத்திரி, ரயில் ரிசர்வேஷன் மூணும் எனக்கு வேண்டாம், கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு" என்று ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிட்டார். என் ஜோடி மாம்பலத்துப் பெண். எதையும் மேலோட்டமாகச் செய்யத் தெரியாதவள். நாங்கள் யோசித்ததையெல்லாம் வேறு யாராவது முந்திக்கொண்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். கடைசியில் ஒருநாள் கேண்டீனில் வாய் சும்மா இருக்காமல் எங்கள் ஊர்ப் ‘பாடு’ பற்றி அவளிடம் சொல்லித் தொலைத்தேன்.

ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீன் படாது. முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களில்தான் இறால் கொட்டும். அதற்காக அடித்துக்கொள்ளாமல் இருக்க ஊரில் முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். இன்றைக்கு இந்த இடம் ஒருவருக்கு, நாளைக்கு அடுத்தவருக்கு என்று சுற்றி வரும். நம் நாளில் நாம் போகவில்லை என்றால் அது போனதுதான். வேறு நாள் கேட்க முடியாது, இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியாது. அடுத்த சுற்று வரும்வரை ஓரத்தில் கிடைப்பதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"இதுதாண்டி நம்ம தலைப்பு!" என்று அவள் மேஜையைத் தட்டினாள். ஆசிரியருக்கும் வாயெல்லாம் பல். ஆனால் நேரில் போய்ப் பார்க்காமல் எழுதினால் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்றார்.

அப்பாவுக்குத் தொழில் பழக்கம் இருப்பதால் அந்தக் குப்பத்தில் என்னை எல்லோருக்கும் தெரியும் என்று தோழியிடம் சொல்லி வைத்தேன். பகலில் அம்மா பொன்னேரியில் இருப்பாள். மிச்சம் நைனா. போன முறை ஊருக்குப் போனபோது அவருடைய பாடு எப்போது என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அதிலிருந்து விரல் விட்டு எண்ணி, அவர் முகத்துவாரத்தில் வலையோடு இருக்கப்போகிற நாளைக் கண்டுபிடித்து, அன்றைக்கே போகலாம் என்று தோழியிடம் சொன்னேன். படித்த படிப்பையெல்லாம் பெற்றவரைத் தவிர்ப்பதற்குப் பயன்படுத்தினேன். கணக்கு சரியாக வந்தது என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஆசிரியர் மீன்வளத்துறையில் தனக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக ஊர்த் தலைவருக்கு எங்கள் பெயரோடு முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருக்கிறார். அது எனக்குத் தெரியாது.

படகு கரையை நெருங்கியது. தலைவரோடு இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார். சலவை வேட்டி, தீபாவளிக்கு எடுத்த சட்டை, படிய வாரிய தலை. நைனா. என்னைப் பார்த்ததும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, முகமெல்லாம் சிரிப்பாகப் படகைப் பிடிக்க வந்தார்.

"யாருடி இவர்?" என்றாள் தோழி.

"அப்பாவுக்குத் தெரிஞ்சவர்" என்றேன்.

நைனாவின் காதில் அது விழுந்தது. சிரிப்பு மறையவில்லை, ஆனால் அப்படியே நின்றுவிட்டது. தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நைனா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பொதுவாகப் பார்த்து, "வாங்கம்மா, பாத்து எறங்குங்க. சேறு வழுக்கும்" என்றார்.

பிறந்ததிலிருந்து என்னைக் கண்ணு என்று மட்டுமே கூப்பிட்டவர் அவர்.

எங்கள் வீட்டுக்கே கூட்டிப் போனார். வாசலில் பாய் போட்டார். தோழி கேட்கக் கேட்கப் பொறுமையாகச் சொன்னார். நான் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தேன். என் பள்ளிக்கூடப் போட்டோ மாட்டியிருந்த சுவரை எட்டிப் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது. தண்ணீர் கொண்டுவர உள்ளே போன சாக்கில் கழற்றியிருக்க வேண்டும்.

"முறை வந்தும் ஒருத்தர் போகலைன்னா?" என்றாள் தோழி.

"போச்சும்மா. அடுத்த சுத்துல தான்."

"அப்படி யாராவது விடுவாங்களா?"

"வூட்ல நல்லது கெட்டதுன்னா வுடுவாங்க. இன்னிக்கு என்னுதுதான். வுட்டுட்டேன்."

"ஐயோ, ஏன்?"

நைனா பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, "பட்டணத்துலேர்ந்து படிக்கிற பொண்ணுங்க வருதுன்னாங்க. வூட்ல ஆள் இல்லேன்னா நல்லாருக்குமா?" என்றார்.

அம்மா விடியற்காலையிலேயே இறால் தொக்கு செய்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். எனக்குப் பிடிக்கும் என்று காரம் தூக்கலாக. நைனாவே பரிமாறினார். சாப்பிட்டு முடித்ததும் சொம்பில் தண்ணீர் எடுத்துவந்து தோழியின் கையில் ஊற்றினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீட்டுங்கம்மா" என்றார். நீட்டினேன். விருந்தாளிக்கு ஊற்றுவதுபோல என் நைனா என் கையில் தண்ணீர் ஊற்றினார். அப்போதாவது நைனா என்று கூப்பிட்டிருக்கலாம்.

திரும்பும் படகில் தோழி சொன்னாள்: "பாவம்டி அந்த மனுஷர். நமக்காக ஒரு நாள் தொழிலை விட்டிருக்கார். உங்க அப்பாகிட்ட சொல்லி அவருக்கு ஏதாவது நல்லது செய்யச் சொல்லேன்."

அதற்கு மேல் தாங்கவில்லை. படகுக்காரர் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அழுகைக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் தேற்றுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"உன் அப்பான்னு தெரிஞ்சா நான் உக்காந்த இடத்துலேர்ந்து கை நீட்டியிருப்பேனா? என்னையும் சேத்து என்ன பண்ண வச்சிட்டே நீ?" என்றாள்.

புராஜெக்ட்டை முடித்தோம். தலைப்பு அருமை என்று ஆசிரியர் வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆனால் நான் சொல்லவந்தது அதற்கு முன்னால் நடந்தது. குப்பத்துக்குப் போய்வந்த அந்த வாரச் சனிக்கிழமையே தனியாக ஊருக்குப் போனேன். அம்மா என்னைப் பார்த்ததும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். நைனா வாசலில் உட்கார்ந்து வலையில் பாசி எடுத்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். உடனே கூப்பிடவில்லை. முதலில் என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். என்னோடு யாராவது வந்திருக்கிறார்களா என்று. ஒருவரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான், "வா கண்ணு" என்றார்.

காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "வுடு, வுடு. பாடு இன்னா, அடுத்த சுத்துல வந்துட்டுப் போவுது" என்று தலையைத் தடவினார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி யாரிடமும் நான் மறைத்ததில்லை. என் கல்யாணத்தில், வேலை பார்த்த இடத்தில், எல்லோருக்கும் முன்னால் இவர்தான் என் நைனா என்று கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். அவரும் சந்தோஷமாகச் சிரித்தார். ஆனாலும் கடைசிவரை, நான் ஊருக்குப் போய் வாசலில் நிற்கும் ஒவ்வொரு முறையும், என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவர் கண் ஒரு தரம் என் முதுகுக்குப் பின்னால் போய்த்தான் வந்தது. என்னை அவர் என்றைக்கோ மன்னித்துவிட்டார், அந்தப் பழக்கத்தை மட்டும் அவருக்குக் கொடுத்தவள் நான்.