ஆழம் கேட்ட மாணவி

சிங்கப்பூரில் கப்பல் துறை படிக்கும் மாணவர்கள் பயிற்சிக்காகக் கற்பிட்டிக்கு வந்தபோது, அவர்களை என் படகில் கடலுக்குக் கூட்டிப்போனேன். அவர்களில் கண்ணாடி போட்ட ஒரு தமிழ்ப் பிள்ளை எதைக் கேட்டாலும் கொப்பியில் எழுதினாள். எனக்கு அது பிடிக்கவில்லை. துறைமுகம் வரப்போகிறது, கரையிலுள்ள எங்கள் மீன்வாடிக் குடிசைகளை அகற்றிவிடுவார்கள் என்று ஊரில் கதை அடிபட்ட நேரம் அது.

"அங்கிள், இங்க எவ்வளவு ஆழம்?"

"ரெண்டு பாகம்தான் மகள், ரெண்டு ஆள் உயரம். பெரிய கப்பல் வர ஏலா" என்று பொய் சொன்னேன்.

அவள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கினாள். அது ஆறு பாகம் போனது.

"உங்க வாடி கரையிலயா இருக்கு?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

கொப்பியில் இரண்டு என்றே எழுதினாள். என்மேல் இரங்கினாளா, என் பொய்யைக் குறித்துக்கொண்டாளா என்று இன்றுவரை விளங்கவில்லை.