மூடி போட்ட கேமராவில் ஒரு மணி நேரம்

பழைய வீடியோ கேமரா கேசட்டைக் கம்ப்யூட்டரில் எடிட் செய்கிற மாதிரி மாற்றுவது எப்படி என்று வீடியோ போட்டுச் சொல்லிக்கொடுப்பது, பிணத்துக்குப் பல் வைத்தியம் பார்க்கிற தொழில். எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் எழுந்து நன்றி சொல்ல ஆள் இருக்காது.

நான் படித்து வந்தவன் இல்லை. மைக் செட் தூக்கி, லைட் பிடித்து, அடி வாங்கி, கேமராவுக்கு வந்தவன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் பதினெட்டு வருஷம் கல்யாணம், காதுகுத்து, சர்ச்சில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற புதுநன்மை, சாவு எல்லாம் எடுத்தேன். அப்புறம் ஆளுக்கொரு போன் வந்தது, எனக்கு வேலை போனது. காலடிப்பேட்டையில் மாடியில் இருக்கிற என் ஸ்டுடியோவுக்கு வாடகை மட்டும் நிற்கவில்லை. சேனல் ஆரம்பித்தேன். கேபிளைச் செருகி, நாலு தடவை பிடுங்கி, மறுபடி செருகி, கேமராவே இல்லையென்று திரை சாதித்தபோது கீபோர்டில் குத்துவிட்ட கூட்டம் நீங்களும் என்றால், உட்காருங்கள், நம்ம ஆள்தான்.

மெத்தைக்குள் வாத்தியார்

என் தெருமுனையில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஒன்று நகர்ந்தால் நாற்பதும் ஹாரன் அடிக்கும். ஜன்னலைச் சாத்தினேன், பஞ்சு வைத்தேன், ஒரு டிரைவரிடம் இறங்கிப்போய்ச் சண்டையும் போட்டேன். கடைசியில் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வளைத்து, நடுவில் மைக்கோடு நான் உட்கார்ந்து பாடம் சொல்ல ஆரம்பித்தேன்.

அப்படிச் சொன்னதுதான் பத்தொன்பதாவது பாடம். கேசட் படத்தை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினால், அசைகிற இடத்திலெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். அதைக் காட்ட நல்லா ஆடுகிற கை ஒன்று வேண்டும். பழைய பெட்டியைக் கிளறினேன். ராயபுரத்தில் ஒரு புதுநன்மை விருந்து. பிரியாணி வாளியோடு ஒரு வாலிபன் கேமராவைப் பார்த்துச் சிரித்து, கரண்டியை முகத்துக்கு முன்னால் விசிறி மாதிரி ஆட்டுகிறான். பதினோரு நொடி. அவன் பேசிய சத்தத்தை எடுத்துவிட்டு, அதன்மேல் கோடு ஏன் விழுகிறது என்று நான் கத்தினேன். கோட்டைக் காட்ட ஒரு சிவப்பு அம்புக்குறி போட்டேன். கை முகத்துக்குப் பக்கத்திலேயே இருந்ததால் அம்பு அவன் கன்னத்தில் குத்தினமாதிரி நின்றது. யாரென்று எனக்குத் தெரியாது. எனக்கு வேண்டியது கை.

பாடம் முடித்து வேர்வையில் குளித்து வெளியே வந்தால், கீழே இட்லிக் கடை போட்டிருக்கும் தேவகி அக்கா மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தது. அரை மணி நேரமாகக் கேட்டுக்கொண்டு நின்றதாம்.

"இன்னா நைனா, மெத்தைக்கு உள்ள யாருக்குப் பேய் ஓட்டிகினு கீற?"

அழிக்கச் சொன்னவன்

பெரம்பூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். மகள் கல்யாணத்தைத் தன் சொந்த கேமராவில் எடுத்து வைத்திருந்தார். என் பாடத்தைப் பார்த்து எல்லா ஃபைலையும் மொத்தமாக மாற்றினார். எங்கோ ஒரு டிக் விட்டுப்போயிருக்கிறது. படம் வருகிறது, சத்தம் வரவில்லை. அதனாலென்ன, பழைய ஃபைலை எடுத்துத் திரும்ப மாற்றுங்கள் என்றேன். அதை அழித்துவிட்டேன் என்றார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், தெரியும்தானே. பெரிய மனுஷன் என்றும் பார்க்காமல், ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் எவனாவது மூலத்தை அழிப்பானா, எந்த முட்டாள் அப்படிச் சொல்லிக்கொடுத்தான் என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு இடைவெளி விட்டுச் சொன்னார்:

"பன்னெண்டாவது பாடம், ஏழாவது நிமிஷம். மாத்தி முடிச்சதும் பழசை அழிச்சிடுங்க, இடம் மிச்சம்னு நீங்கதாங்க சொன்னீங்க."

மூடியைப் போட்டுப் பதிவு செய்

போய்ப் பார்த்தேன். சொல்லித்தான் இருந்தேன். சொன்னது மட்டுமில்லை, நானும் அப்படித்தான் நடந்தேன். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ஏற்றின படம், எடிட் செய்த ஃபைல் எல்லாவற்றையும் துடைத்துவிடுவேன். புது ஹார்டு டிஸ்க்குக்குப் பேரம் பேசிப் பார்த்தேன், படியவில்லை.

அதற்குள் பாடமும் தீர்ந்துபோனது. எங்கள் காலத்துப் பழக்கம் ஒன்று மிச்சமிருந்தது. புதுக் கேசட்டில் வேலை தொடங்கும் முன், லென்ஸ் மூடியைப் போட்டு, முதலிலிருந்து கடைசி வரை ஒரு மணி நேரம் வெறும் இருட்டைப் பதிவு செய்வோம். அப்போதுதான் கேசட்டில் நேரக் கணக்கு அறுபடாமல் ஓடும். பின்னால் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது நடுவில் நிற்காது. இன்றைக்குக் கேசட்டில் எவன் பதிவு செய்கிறான் என்று கேட்காதீர்கள். இருபத்தாறாவது பாடம் வேண்டும், அவ்வளவுதான். பெட்டியில் கைக்குக் கிடைத்த கேசட்டை எடுத்துப் போட்டேன், மூடியை மாட்டினேன், ஓடவிட்டேன். அது ஓடுகிற நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று, யானைக்கவுனி பக்கம் கேமரா ரிப்பேர் செய்கிற ஷெரீப் பாய்க்குப் போன் போட்டு ஒரு கேபிளுக்கு விலை பேசினேன். முடிகிற நேரத்தில் கரண்ட் போனது. முழுசாக ஒரு மணி நேரம் ஓட்டியதாகப் பாடத்தில் புளுகிவிட்டேன்.

கேசட்டைத் திரும்பச் சுற்றும்போது கேமராவுக்குள்ளே கரகரவென்று சத்தம். சுற்றி முடித்ததும் பாயிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்து, வேகமாகச் சுற்றுகிற பல்சக்கரத்தில் பல்லே இல்லை, உலகத்தில் எங்கேயும் ஸ்பேர் கிடையாது என்றார். கடல் காத்து துன்னுடுச்சு என்றார். நான் அதற்கும் விலை கேட்டேன். அவர் கேமராவை மூடி என் கையில் வைத்தார்.

"வாத்யாரே, இது இனிமே ஓடாது, நடக்கும். வேகமா சுத்தினா, கேசட்டையும் முழுங்கிடும்."

வரைபடத்தில் ஒரு திமில்

சேனல் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: ஜனங்கள் எந்த நிமிஷத்தில் பார்க்கிறார்கள், எதில் ஓடிப்போகிறார்கள் என்று ஒரு கோடு போட்டுக் காட்டுவார்கள். என் பாடம் எல்லாமே சரிவுதான், சறுக்குமரம் மாதிரி. பத்தொன்பதாவது பாடத்தில் மட்டும் நாலாவது நிமிஷத்தில் மாட்டுத் திமில் போல ஒரு மேடு. அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள். வாரத்துக்கு வாரம் மேடு ஏறியது. அம்புக்குறிதான் காரணம் என்று முடிவு கட்டினேன். அடுத்தடுத்த பாடங்களில் ஏழு, எட்டு அம்பு போட்டேன். தேவகி அக்காவிடம்கூடப் பெருமை அடித்தேன்.

அப்போதுதான் காசிமேட்டிலிருந்து ஸ்டெல்லா என்று ஒரு அம்மா போன் செய்தது. அந்தப் பதினோரு நொடி முழுசாக வேண்டும் என்று ஆரம்பித்ததுமே, கேசட்டுக்கு இவ்வளவு, பென் டிரைவ் உங்களுடையது என்று ரேட்டைச் சொன்னேன். பழக்கதோஷம். அது நான் முடிக்கும் வரை பொறுத்திருந்து விஷயத்தைச் சொன்னது. வாளியோடு நிற்பவன் அதனுடைய தம்பி அந்தோணி. துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் கண்டெய்னரைச் சங்கிலி போட்டுக் கட்டுகிற வேலை. அந்த விருந்து முடிந்த அடுத்த மழைக்காலத்தில் மேலேயிருந்து விழுந்துவிட்டான். அப்போது அவர்கள் வீட்டில் கேமரா போன் கிடையாது. வேலை அட்டையில் இருந்த படத்தைப் பெரிசு பண்ணித்தான் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். காலேஜில் படிக்கிற மகள் ஏதோ கேமரா பாடத்துக்காக என் வீடியோவைப் போட, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த இது கரண்டியைக் கீழே போட்டுவிட்டது. அன்றிலிருந்து தினமும் பார்க்கிறது. அவனுடைய தோஸ்துகள் பார்க்கிறார்கள். அதுதான் என் திமில்.

அவன் ஏதோ பேசுகிறான் என்பது வாயைப் பார்த்தால் தெரிகிறது, அந்தச் சத்தம் கிடைக்குமா என்று கேட்டது. அழித்துவிட்டேன் என்றேன். கேசட்? அதன் மேல்தான் மூடியைப் போட்டு இருட்டை ஓட்டியிருந்தேன். அது எனக்கே அப்போதுதான் உறைத்தது. விருந்து வைத்த வீட்டுக்கு நான் கொடுத்த டிவிடியை அது ஏற்கெனவே வாங்கிப் பார்த்திருந்தது. அதில் பந்தியை நான் வெட்டித் தள்ளிவிட்டு, மொத்தத்துக்கும் பாட்டுப் போட்டிருந்தேன். மூன்று இடத்திலும் நானே அவனைத் துடைத்திருக்கிறேன், ஒரு தடவைகூட அவன் முகத்தைப் பார்க்காமல். சரி, அம்பையாவது எடுக்க முடியுமா என்றது. முடியாது, படத்தோடு ஒட்டிவிட்டது என்றேன். அடுத்தது திட்டுதான் விழும் என்று நினைத்தேன்.

"அப்ப ஒண்ணு செய்யுங்கண்ணா. என் தம்பி வர்ற அந்த எடத்துல மட்டும் நீங்க பேசாம இருக்கீங்களா?"

இருட்டு

இதற்கு முன் என்னிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் கிடையாது. அன்றைக்கே சேனலிலிருந்து பாடத்தை இறக்கி, அந்தப் பதினோரு நொடிக்கு என் குரலை வெட்டி, மறுபடி ஏற்றினேன். வெட்டும்போதுதான், மூடி போட்டு ஓட்டிய அன்று கரண்ட் போனது ஞாபகம் வந்தது. இருட்டு முழு கேசட்டுக்கும் ஓடவில்லை. கடைசியில் மூன்று நாலு நிமிஷம் விருந்து மிச்சம் இருக்கலாம். ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து, ஒன்றும் நிச்சயமில்லை என்று இரண்டு தடவை சொன்னேன். ஒரு மணி நேரத்தில் ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டது, கையில் எனக்கு ஒரு டப்பாவில் மீன் வறுவலோடு.

வேகமாகச் சுற்ற முடியாது. கேசட்டை முழுங்கிடும் என்று பாய் சொல்லியிருந்தாரே. முதலிலிருந்து நடக்கத்தான் விட வேண்டும். கம்ப்யூட்டரில் ஏறுகிற மாதிரி கேபிளைச் செருகி, ஓடவிட்டு, இரண்டு பேரும் உட்கார்ந்தோம். திரையில் கன்னங்கரேல். மூடி படத்தைத்தான் மறைக்கும், சத்தத்தை மறைக்காது. ஸ்பீக்கரில் நான். 'நூத்தம்பதா? பாய், உனக்கு அல்லா பயமே இல்லையா?' அப்புறம் நூற்று நாற்பது, அப்புறம் கேபிளின் நீளம் பற்றி ஒரு சண்டை, அப்புறம் போனை வைத்துவிடுவதாக மிரட்டல், வைக்கவில்லை, மறுபடி நூற்று இருபது. சத்தத்தைக் குறைக்கப் போனேன். வேண்டாம், நடுவில் எங்கேயாவது அவன் குரல் வந்துவிட்டால் என்று ஸ்டெல்லா கையைப் பிடித்துத் தடுத்தது. அந்த இருட்டை அது பார்த்த மாதிரி, நான் எடுத்த ஒரு கல்யாணத்தையும் யாரும் பார்த்ததில்லை. அரை மணி நேரம் கழித்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, ஒரு கேபிளுக்கா அண்ணா இம்மாம் பேச்சு என்றது. பேரத்தில் மிச்சம் பிடித்தது முப்பது ரூபாய்.

ஐம்பத்தாறாவது நிமிஷத்தில் திரை ஒரு தடவை சிதறி வெளிச்சமானது. ஸ்டெல்லா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டது. பந்தி முடிந்த கொட்டகை. சுருட்டிய இலை, மடக்குகிற நாற்காலி, ஒரு நாய். ஆள் யாரும் இல்லை. சுவரில் ஒரு நிழல் மட்டும் விழுந்து, பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது: 'வீடியோ அண்ணா, துன்னியா? வாளில கடைசி கீது, வா.' கேமரா திரும்பவே இல்லை. 'லைட்டை மறைக்காத, நவுருடா அந்தாண்ட' என்று ஒருத்தன் எரிந்து விழுந்தான். அந்த ஒருத்தன் நான். நிழல் நகர்ந்தது. நாய் இலையை நக்கியது. கேசட் தீர்ந்தது.

நாலு தடவை போட்டுக் கேட்டது. உன் தம்பிதானா என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தெரியவில்லை என்று தலையை ஆட்டியது. இத்தனை வருஷத்தில் குரல் மறந்துவிட்டதாம். அவன் மாதிரியும் இருக்கிறதாம், அங்கே பரிமாறிய வேறு யாரோ மாதிரியும் இருக்கிறதாம். எனக்கும் தெரியவில்லை. என்னைச் சாப்பிடக் கூப்பிட்டவன் முகத்தைத் திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. என் கத்தலை வெட்டிவிட்டு, குரலை மட்டும் சுத்தம் பண்ணித் தருகிறேன், காசு வேண்டாம் என்று மவுஸைப் பிடித்தேன்.

"வெட்டாதீங்கண்ணா. நீங்க திட்டுறதும் சேந்து இருந்தாத்தான், அங்க ஒருத்தன் நின்னான்னு தெரியும்."

அப்படியே பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன்; பத்தொன்பதாவது பாடத்தில் அந்த இடத்தில் சத்தம் வரவில்லையென்று கமெண்டில் இன்னும் திட்டு விழுந்தாலும், இத்தனை வருஷம் மெத்தைக்குள் உட்கார்ந்து நான் கத்திச் சொல்லிக்கொடுத்ததில் ஜனங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது, நான் வாயை மூடிக்கொண்டிருக்கிற அந்தப் பதினோரு நொடியைத்தான்.