மூச்சுக்காரி

ஆஸ்பத்திரித் துணி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் உதடுகளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறாள். குழந்தைகள் வாயாலேயே பஸ் ஓட்டுவார்களே, அந்தச் சத்தம்தான். அடியில் ஆரம்பித்து, மேடேறி, உச்சியில் ஒரு வட்டம் போட்டு, மறுபடி இறங்கி வருகிறது. வெளியே தள்ளுவண்டியோடு நிற்கிற ஆயாக்கள் நாங்கள் சிரிக்கிறோம். "வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு, வழிய விடுங்க." கதவு திறக்கிறது. மார்போடு அணைத்த வெள்ளை விரிப்புகளுக்கு மேலே முகம் மட்டும் தெரிய, "சிரிங்க, சிரிங்க. டிக்கெட் எடுக்காம யாரும் ஏறக் கூடாது" என்று சொல்லிவிட்டு வார்டுக்குள் போகிறாள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் சைரன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆள் யாரும் இல்லையென்று நினைத்து அதே துணி அறையில் உச்சத்துக்கு ஒரு குரல் கொடுத்துப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் வந்துவிட்டதென்று வாட்ச்மேன் கேட்டை அகலத் திறந்து வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். டாக்டர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவளும் கோபப்படாமல் திரும்பிப் பார்க்கிறாள்.

அந்தப் பஸ் சத்தம் குரலைப் பழக்குவதற்கு. அவள் பாடுவது ஓபரா. அப்படி ஒன்று உண்டு என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாடகம் மாதிரி கதை இருக்கும், வேஷம் இருக்கும், பேச்சு மட்டும் கிடையாது. சண்டையும் பாட்டு, சமாதானமும் பாட்டு, கதவைத் திற என்பதும் பாட்டு. மைக் வைத்துக்கொள்ள மாட்டார்களாம். மேடைக்குக் கீழே அத்தனை வாத்தியங்களும் முழங்க, கடைசி வரிசைக்காரர் காதுவரை வெறும் தொண்டை போய்ச் சேர வேண்டும். பாட்டெல்லாம் வேற்று மொழி. ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டு வைத்துக்கொண்டு, ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகி, விரிப்பு மடித்தபடியே மனப்பாடம் பண்ணுவாள். மற்றக் காது நோயாளிகளுக்கு. யாராவது முனகினால் கையில் இருப்பது அப்படியே விழும், ஓடுவாள்.

எந்த வெயிலிலும் கழுத்தில் துணி சுற்றியிருப்பாள். ஐஸ் தண்ணீர் தொடமாட்டாள். தரையில் பினாயில் ஊற்றினால் ஜன்னல் பக்கம் போய்த் தலையை வெளியே நீட்டிக்கொள்வாள். மேடை ஏறுவதற்கு முந்தின நாள் வாயே திறப்பதில்லை, எல்லாம் கைஜாடைதான். அன்றைக்கு வார்டு முழுக்கக் கேலி நடக்கும். பெரிய நர்ஸம்மாவே, "இன்னைக்கு சைரன் ரிப்பேர், அடிக்காது" என்று அறிவித்துவிடுவார்.

அண்ணன் வீட்டோடு இருக்கிறாள். மாடியில் இரண்டு அறை. அவள் சாதகம் பண்ணினால் கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையைத் தட்டுவார். அண்ணிக்கும் இவளுக்கும் தினமும் வாய்த் தகராறு. "இவ வயசுக்காரிங்க புள்ளைய காலேஜுக்கு அனுப்பிட்டு நிக்கறாங்க. இவ இன்னும் ஆ, ஊன்னுகிட்டு கெடக்கா" என்று அண்ணி என்னிடமே சொல்லியிருக்கிறார். அப்படிச் சொல்லிக்கொண்டே வெந்நீரை ஃபிளாஸ்கில் ஊற்றி, மூடியை இரண்டு தரம் திருகிப் பார்த்து இவள் பையில் வைப்பவரும் அவர்தான்.

அவள் பாடுகிற குழுவில் பல வருஷமாக அவளுக்குப் பின்வரிசைதான். கூட்டத்தில் ஒருத்தி. சந்தைக்காரி, வேலைக்காரி, துக்கத்துக்கு வந்தவள். இந்த வருஷம் முதல் தடவையாக முன்னால் வந்து நிற்கிற வேஷம் கொடுத்தார்கள். நெஞ்சு நோய்க்காரி. கடைசிக் காட்சியில் கட்டிலில் படுத்தபடி நெடுநேரம் பாடிவிட்டுச் செத்துப்போகிறவள்.

"கெடைச்சதே கெடைச்சுது, சாகற வேஷமா? வீட்டுக்கு ஆகுமா அது?" என்று அண்ணி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். எனக்கும் மனசு ஒப்பவில்லை. கடவுளே, இவள் சாகிறேன் என்று பாடுவது வேஷத்துக்காக, நீ அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுவிடாதே என்று பிரார்த்தனை செய்துகொண்டேன்.

ஒரு நாள் காலையில் துணி அறையில் பஸ் சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அழுக்குத் துணி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, தொண்டை சரியில்லையா?"

"தொண்டைக்கு ஒண்ணுமில்லக்கா. ஒத்திகையில கட்டில்ல படுத்ததும் அடைச்சுக்குது. நிக்கற பாட்டு, நடக்கற பாட்டு எல்லாம் வருது. அந்தச் சாகற பாட்டு மட்டும் வரமாட்டேங்குது."

எங்கள் வார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெஞ்சு நோய் முற்றிப்போனவர்களைக் கொண்டுவந்து விடும் இடம் அது. இங்கிருந்து வீடு திரும்புகிறவர்கள் அபூர்வம். உடம்பு துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, கரண்டியால் ஊட்டுவது, கடைசியில் கண்ணை மூடிவிடுவது எல்லாம் எங்கள் வேலை.

"இங்க ஒரு வாய்த் தண்ணி கேக்கறதுக்கே அவங்களுக்கு மூச்சில்ல" என்றாள். "நான் அங்க போய், சாகறேன் சாகறேன்னு ஊரே கேக்கற மாதிரி பாடறேன். இவங்கள வெச்சுப் பொய் சொல்ற மாதிரி இருக்குக்கா. நெனைச்சதும் நெஞ்சு பூட்டிக்குது. வெள்ளிக்கிழமை ஒத்திகை வரைக்கும் பாக்கறேன்னுட்டார் டைரக்டர். வரலைன்னா வேற பொண்ணுக்குக் குடுத்துடுவாராம். அவளும் படிச்சு வெச்சிருக்கா."

அன்றைக்கே நர்ஸம்மாவிடம் போய், வேறு வார்டுக்கு மாற்றித் தரும்படி கேட்டுவிட்டாள். பிரசவ வார்டில் ஆள் தேவைதான், திங்கட்கிழமையிலிருந்து போ என்று அவரும் சொல்லிவிட்டார்.

வார்டில் எந்தச் சேதி நிற்கும்? ஜன்னலோரக் கட்டிலில் லாரி ஓட்டிய அண்ணன் ஒருவர் இருந்தார். அகலமான தோள், பெரிய பெரிய கைகள், உள்ளே நுரையீரல் மட்டும் போய்விட்டது. ரெண்டு சொல்லுக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கித்தான் பேசுவார். ஆனாலும் வாய் ஓயாது. மத்தியானம் அவள் தலையணை மாற்றப் போனபோது பிடித்துக்கொண்டார்.

"என்ன சைரன், எங்கள விட்டுட்டு ஓடறியாமே?"

"அதெல்லாம் இல்லண்ணா. பிரசவ வார்டுல ஆள் பத்தலையாம்."

"சும்மா கதை விடாத. சாகறவங்களப் பாத்தா பாட்டு வரலையாம்ல. எங்க, அந்தப் பாட்ட இப்பப் பாடு."

"வேணாண்ணா. அது நல்ல பாட்டு இல்ல."

"நான் சாகப் போறது எனக்குத் தெரிஞ்சுடும்னு பாக்கறியா? எனக்கு முன்னாடியே சொல்லிட்டாங்கம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போய் வார்டுக் கதவைச் சாத்தினேன்.

முதலில் வாய்க்குள்ளேயே முனகினாள். "சோறு திங்கலையா நீ?" என்றார் அவர். கழுத்துத் துணியை அவிழ்த்துக் கட்டில் கம்பியில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

எனக்கு எழுத வராது அது. தட்டில் வைத்த கண்ணாடி டம்ளர் உள்ளுக்குள் ரீங்காரமிட்டது. எதிர்க் கட்டிலில் நாலு நாளாகக் கண் திறக்காத அம்மாள் கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தார். குரல் நடுவில் ஒரு இடத்தில் உடையப் போய், உடையாமல் தாண்டி, ஏறி, பிறகு நூல் மாதிரி மெலிந்து நின்றது. லாரிக்காரர் மூச்சு வாங்குவதைக் கூட அடக்கிக்கொண்டு கேட்டார்.

அப்புறம் அவர்தான் ஆரம்பித்தார்.

"இதையா பொய்யின்ன? எனக்கு மட்டும் அந்த மூச்சு இருந்தா... கம்முனு சாவேன்னா நெனைக்கற? இருக்கறத எல்லாம்... கத்தித் தீத்துட்டுத்தான் போவேன். இல்லாததால... கம்முனு கெடக்கேன்." நின்று, இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார். "பாட்டாவது ஒண்ணாவது. அவ்வளவு மூச்சிருந்தா... எழுந்து வீட்டுக்கே ஓடிருவேன்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்து தலையணை உறையை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். சரியாக இருந்ததையே மறுபடி மறுபடி சரிசெய்தாள். வெள்ளிக்கிழமை ஒத்திகைக்குப் போனாள், வேஷம் அவளுக்கே நின்றது. திங்கட்கிழமை நர்ஸம்மாவிடம், "மாத்தல் வேணாம்மா, நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றாள். "எனக்கு வேற வேலை இல்லையா?" என்று அவர் கத்தினதை வாங்கிக்கொண்டு வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மேடை நாளன்று அண்ணியும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒரு சொல்கூடப் புரியவில்லை. கடைசிக் காட்சியில் அவள் படுத்ததும் நான் கடவுள் பெயரைச் சொல்லத் தொடங்கிவிட்டேன். குரல் வந்தது. எங்கள் வரிசையைத் தாண்டிப் பின்னால் போனது. "இன்னும் சாகலையா இவ?" என்று காதில் கிசுகிசுத்த அண்ணி, கொஞ்ச நேரத்தில் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். விளக்கு போட்ட பிறகும் விடவில்லை.

மறுநாள் காலை ஷிப்டுக்கு வழக்கம்போல வந்தாள். கண்ணோரத்தில் மேடை மை கொஞ்சம் மிச்சமிருந்தது. லாரிக்காரருக்கு ராத்திரியிலிருந்து மோசம். ஆக்ஸிஜன் மூடி மூஞ்சியிலேயே இருந்தது. அவளைக் கண்டதும் அதைக் கையால் தூக்கினார்.

"செத்தியா?"

"செத்தேண்ணா."

"நல்லா?"

"ரொம்ப நல்லா செத்தேன். எழுந்து நின்னு கும்பிட்ட பிறகும் கை தட்டுனாங்க."

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சை அடைத்துக்கொண்டு, கண் பிதுங்க, இரண்டு கைகளும் காற்றில் எதையோ தேடின. நான் நர்ஸம்மாவைக் கூப்பிட ஓடினேன். அவரோடு திரும்பி வந்தபோது சைரன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஆக்ஸிஜன் மூடியைச் சரியாகப் பொருத்தியிருந்தாள். லாரிக்காரருடைய அந்தப் பெரிய கையை எடுத்துத் தன் விலாவில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். மெல்ல மூச்சை இழுத்தாள், அவர் கை மேலே ஏறியது. மெல்ல விட்டாள், கை இறங்கியது. மறுபடி இழுத்தாள், அவர் நெஞ்சும் எழும்பப் பார்த்து, முடியாமல் விழுந்தது. அவள் அவசரப்படவில்லை. கையை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டு, அடுத்த மூச்சை இழுத்தாள்.