கடைசிப் பெயருக்கு நேரே

போன மாதம் மூத்த மகளுக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் போதகர் கோயில் பதிவுப் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். நான் நான்காம் வகுப்பு வரை படித்தவன். பெயர் எழுதத் தெரியும். ஆனால் கூட்டத்தின் நடுவே பேனாவைப் பிடித்தால் எனக்கு வேர்த்துவிடும். பேனா தாளைத் தொட்டதும் கை தன் பாட்டுக்கு வலப்பக்கம் சுழன்று, தூண்டில் முள் மாதிரி ஒரு பெரிய வளைவைப் போட்டது. என் பெயரில் அப்படி ஒரு எழுத்தே கிடையாது. சட்டென்று நிறுத்தி, பக்கத்தில் என் பெயரை எழுத்தெழுத்தாக எழுதினேன்.

"மகள விட்டுக்குடுக்க அண்ணனுக்கு மனசு வரல்ல. கை நடுங்குது, பாத்தியளா?" என்றார் சம்பந்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வளைவு யாருடையது என்று அங்கே யாருக்கும் தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது. நேரில் உட்கார வைத்துக் கேட்டால் உங்களிடமும் சொல்லமாட்டேன். தாளைப் பார்த்துப் பேசுவதால் சொல்ல முடிகிறது.

மகாராஜா காலம். எங்கள் மலையடிவாரத்தில் தோட்டத்துத் துரைமார் ஒரு கோல்ஃப் கிளப் வைத்திருந்தார்கள். ஊரில் அதைக் குழிப்பந்து கிளப்பு என்பார்கள். ஒன்பது குழி, குழிக்கு ஒரு மூங்கில் கம்பு, கம்பின் தலையில் சிவப்புத் துணி, ஓரத்தில் ஓடு போட்ட ஒரு கட்டடம். அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் மாடு மேயும் இடத்தில் சனிக்கிழமை மட்டும் மாடுகளை விரட்டிவிட்டுத் துரைமார் ஆடுவார்கள். பந்து சாணியில் விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு சாயங்காலம் முழுக்க விவாதித்தார்கள். கடைசியில், எடுத்துத் துடைத்து வைத்து அடிக்கலாம், குற்றமில்லை என்று தீர்ப்பாகிச் சர்க்குலர் போட்டார்கள். அந்தச் சர்க்குலரைச் சுமந்து போனவன் நான்.

அதுதான் என் வேலை. காலிகோ அட்டை போட்ட ஒரு நீளப் புத்தகம். அதில் ஒவ்வொரு வாரமும் ஒரு பக்கத்தில் கிளப்புச் செய்தி எழுதியிருக்கும். யார் ஜெயித்தார், யார் வீட்டு மதாம்மை, அதாவது துரைசானி, கப்பலில் வருகிறாள், யாருடைய நாய் காணாமல் போனது, இவையெல்லாம். கீழே ஏழு துரைமாரின் பெயர்கள். புதன்கிழமை காலையில் நான் புத்தகத்தோடு கிளம்பி ஏழு பங்களாவுக்கும் ஏறி இறங்குவேன். ஒவ்வொருவரும் படித்து, தன் பெயருக்கு நேரே ஒப்புப் போட வேண்டும். கையெழுத்தை எங்கள் பக்கம் ஒப்பு என்றுதான் சொல்வோம். புத்தகத்தின் முதுகில் சணல் கயிற்றில் ஒரு கோப்பிப் பென்சில் தொங்கும். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதா மையாகும்.

எனக்கு இருபத்திரண்டு வயது. கிளப்பு கொடுத்த பித்தளைப் பொத்தான் சட்டையைப் போட்டுக்கொண்டு நடப்பதில் பெரிய கர்வம். ஆங்கிலம் ஒரு எழுத்து தெரியாது. கிளப்பில் கணக்கும் கடிதமும் எழுதும் ரைட்டர் ஞானமுத்து சார் கிளம்பும்போதே எனக்குச் செய்தியைத் தமிழில் சொல்லிவிடுவார். நான் அதைப் பங்களாக் குசினிகளில் விற்று, காப்பியும் பலகாரமும் வாங்கித் தின்பேன். துரை மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் குசினிக்காரருக்குச் செய்தி முழுக்கத் தெரிந்திருக்கும். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காத நான் அந்த அடுப்படிகளில் மட்டும் பெரிய பேச்சுக்காரன்.

ஆறு பங்களாக்கள் பக்கம் பக்கமாக இருந்தன. ஏழாவதுதான் மேல்பங்களா. ஏறப் போக மூன்று மைல், வர மூன்று மைல். வழியில் அட்டைக்கடி. யானை போட்ட பிண்டம் சூடாகக் கிடக்கும். நடுவே ஓர் ஆறு, அதன்மேல் ஒற்றைத் தடிப் பாலம். அங்கே இருந்த துரைக்குக் கல்யாணமாகவில்லை. மெலிந்த மனிதர். நான் அட்டைக்கடியோடு போய் நின்றால் தானே உள்ளே போய் உப்புக் கொண்டுவந்து என் காலில் போடுவார். ஒரு துரை என் காலைத் தொட்டதை வீட்டில் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

அவர் கிளப்புக்கு வருவதை நிறுத்தியிருந்தார். முந்தின வருஷக் கோப்பை ஆட்டத்தில் அவர் பந்து விழுந்த இடத்திலிருந்து தள்ளிக் கிடந்தது. காலால் தள்ளிவிட்டார் என்று கிளப்பின் செக்ரட்டரி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். வெயிலோ மழையோ இல்லாத நேரத்திலும் குடையோடு திரிவதால் அந்த செக்ரட்டரிக்கு நாங்கள் வைத்த பெயர் குடைத் துரை. மேல்பங்களாத் துரை மட்டைப் பையைத் தானே தோளில் போட்டுக்கொண்டு மலையேறிப் போனார். அதற்குப் பிறகு சர்க்குலர் மட்டும்தான் அவரிடம் போனது.

முதல் தடவை நான் செய்ததற்கு ஒரு சாக்கு உண்டு. ஐப்பசி மழை, ஆற்றில் தண்ணீர் பாலத்துக்கு மேலே போனது. ஒப்பு இல்லாமல் திரும்பினால் ரைட்டர் வைவார். பாறை மறைவில் உட்கார்ந்து பழைய பக்கங்களைப் புரட்டினேன். அந்த ஒப்பு எழுத்து மாதிரியே இல்லை. ஒரு தூண்டில் முள், அதிலிருந்து ஒரு நூல், நூலின் நுனியில் ஒரு முடிச்சு. பென்சிலை நக்கிக்கொண்டு கடைசிப் பெயருக்கு நேரே இழுத்துவிட்டேன். ரைட்டர் பார்த்துவிட்டுப் புத்தகத்தை அலமாரியில் வைத்தார்.

அடுத்த வாரம் ஆறு வடிந்திருந்தது. ஆனால் என் கால் வடிந்த ஆற்றையும் தாண்டவில்லை. கிளப்புக்கே வராதவருக்கு இந்தச் செய்தியெல்லாம் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படி மூன்று மாதம். போகப் போகப் பழைய பக்கத்தைப் பார்க்காமலே போட வந்தது. அதில்கூட எனக்கு ஒரு பெருமை இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

கோப்பை ஆட்டத்துக்கு முந்தின புதன்கிழமை ரைட்டருக்குக் காய்ச்சல். குடைத் துரையே தன் கையால் சர்க்குலர் எழுதி என்னிடம் தந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. போன பங்களாவிலெல்லாம் அன்று வழக்கத்தைவிட நேரமெடுத்துப் படித்தார்கள். ஒரு மதாம்மை கைதட்டினாள். ஆறாவது பங்களாத் துரை மலைப்பக்கம் கையை நீட்டி, "மேல்பங்களா, சீக்கிரம் போ" என்று தமிழிலேயே சொன்னார். நான் தலையாட்டினேன்.

அன்று மனைவி ஊரில் சபை அசனம், சபையார் கூடி உண்ணும் கறிச்சோற்று விருந்து. புது மாப்பிள்ளை நான். பந்தியில் முதல் வரிசையில் மாமனார் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பார். பாறை மறைவில் உட்கார்ந்தேன். ஒப்புப் போட்டேன். இறங்கி ஓடினேன்.

இலையில் சோறு விழுந்து நான் வாயைத் திறந்தபோது, பரிமாற வந்த மனைவி குனிந்து பார்த்தாள். "நாக்கு என்ன இப்பிடி ஊதாவா கெடக்கு? ஞாவப்பழம் தின்னியளா?"

"ஆமா."

"தை மாசத்திலயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். ஆட்டுக்கறி இரண்டு தடவை வாங்கினேன்.

சனிக்கிழமை கிளப்பில் ஏழு நாற்காலி போட்டிருந்தது. முதல் குழியில் புதுப் பந்து ஒன்றை வைத்துவிட்டு யாரும் அடிக்காமல் நின்றார்கள். குடைத் துரை வேலிப் படலருகே போய் மலைப்பாதையைப் பார்த்தபடி நின்றார். நேரம் போனது. வெயில் ஏறியது.

காய்ச்சல் விட்டு வந்திருந்த ரைட்டரிடம், "என்ன சாரே, யாருக்காக நிக்கியாவ?" என்று கேட்டேன்.

"ஒனக்குத் தெரியாதாலே? போன வாரம் ஒரு காக்கா பந்த முட்டைன்னு நெனச்சுத் தூக்கிட்டுப் போயி அந்தால போட்டுது. கொடைத் தொரையே கண்ணால கண்டாரு. கழிஞ்ச வருசமும் இந்தக் கள்ளக் காக்காதான்னு அப்பதான் மண்டையில ஏறிச்சு. நாங்க சொன்னது தப்பு, மன்னிக்கணும், கோப்பையில மொத அடி நீங்கதான் அடிக்கணும்னு மேல்பங்களாவுக்கு எழுதி, எல்லாத் தொரைமாரும் ஒப்புப் போட்டுல்லா குடுத்தாவ. நீதானலே கொண்டு போன?"

நான் சட்டைப் பொத்தானைத் திருகினேன்.

"படிச்சிட்டு, ஒப்பும் போட்டுட்டு, வராம இருக்கியது மரியாதையா? எம்புட்டுக் கெறுவு பாத்தியா மக்கா!" என்றார் ரைட்டர்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். வேலை போயிருக்கும், அவ்வளவுதான். பித்தளைப் பொத்தான் சட்டையைக் கழற்றி வாங்கியிருப்பார்கள். சொல்லாவிட்டாலும், மலைமேல் ஓடிப்போய் அவரைக் கூட்டி வந்திருக்கலாம். சாயங்காலம் வரை ஆட்டம் நடந்தது, நேரம் இருந்தது. நான் மாடு விரட்டப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது குடைத் துரை அந்தப் பந்தைத் தானே குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். ஏழாவது நாற்காலியை யாரோ உள்ளே எடுத்துப் போனார்கள்.

அடுத்த புதன்கிழமை நான் மேல்பங்களாவுக்கு ஏறினேன். நியாயம் செய்யப் போனேன் என்று நினைக்காதீர்கள். அவரும் குடைத் துரையும் எப்போதாவது சந்தித்தால் என் கதி என்ன என்ற பயம். அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்கப் போனேன். போகும் வழியில் ஒரு காரியம் செய்தேன். காய்ந்த வாழைநாரை நனைத்து, புத்தகத்தின் பழைய பக்கங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து இறுக்கிக் கட்டினேன். புதுப் பக்கம் மட்டும்தான் திறக்கும். அதில் கோப்பையை ஜெயித்தவர் பெயர் தவிர வேறொன்றும் இல்லை என்று ரைட்டர் சொல்லியிருந்தார்.

குசினிக்காரர் மைதீன், தேங்காய்ப்பட்டணத்துக்காரர், என்னைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்தார். "நீ செத்துப் போயிட்டியோன்னு நெனச்சேன்லே! எத்தற மாசமாச்சு?"

"கிளப்பு மூடிக்கெடந்து, காக்கா" என்றேன். முஸ்லிம் மூத்தவர்களை எங்கள் பக்கம் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"அப்பிடியா? இந்த மனுசன் புதனாழ்ச்ச ஆனா காலத்தயே வராந்தாவுல வந்து நிப்பாரு. ஒன் சட்டையில பித்தள மின்னுதான்னு பாப்பாரு. மத்தியானம் ஆனா உள்ள போயிருவாரு. மறந்துட்டானுவோன்னு ஒரு நாளு எங்கிட்டயே சொன்னாரு."

வராந்தாவில் மரப்பெட்டிகள் ஆணி அடித்துக் கிடந்தன. துரை சிலோனில் ஒரு தோட்டத்துக்கு எழுதிக் கேட்டு, வேலை கிடைத்துவிட்டதாம். புத்தகத்தை வாங்கினார். அவர் விரல் முதலில் வாழைநாரைத்தான் தொட்டது.

"இது என்ன கட்டு?"

"காத்து, தொரை. தாளு பறக்குது."

தலையசைத்தார். புதுப் பக்கத்தை மெதுவாகப் படித்தார். ஒரு பக்கத்தைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார். "இதுக்கு முன்னால ஏதாவது எழுதினாங்களா? என்னைப் பத்தி?"

புத்தகம் அவர் மடியில் இருந்தது. நாரை அவிழ்த்தால் போதும். ஆறு துரைமாரின் ஒப்பும், ஏழாவதாக என்னுடையதும் அங்கே இருந்தன.

"இல்ல, தொரை" என்றேன்.

அவர் பென்சிலை நாக்கில் தொட்டு ஒப்புப் போட்டார். என் காலைப் பார்த்து மைதீனைக் கூப்பிட்டு, "உப்பு" என்றார்.

திரும்பி வந்ததும் ரைட்டர் புத்தகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "ஏலே, கடைசி ஒப்பு என்ன மாறிக் கெடக்கு? இது அவருக்க ஒப்பு இல்லியே. வளைவு சின்னதாட்டு இருக்கு, முடிச்சையும் காணல்ல. வேற யாரும் போட்டாவளா?"

"அவரேதான் சாரே போட்டாரு. நான் கண்ணால பாத்தேன்."

அந்தப் புத்தகம் தொடர்பாக நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். ரைட்டர் அதைத்தான் நம்பவில்லை. "குடிச்சிட்டுப் போட்டிருப்பான்" என்று மூடி வைத்தார்.

பத்து நாளில் மேல்பங்களாத் துரை களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போய் ரயிலேறியதாகச் சொன்னார்கள். யாரும் வழியனுப்பப் போகவில்லை. அவரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஒருவருக்கொருவர் ஒரு வரி எழுதியிருந்தால் நான் பிடிபட்டிருப்பேன். ஆறு மாதம் தபால்காரரைக் கண்டாலே வேறு வழியாக விலகிப் போவேன். கடிதம் வரவேயில்லை. அவர்களுடைய வீம்பு என்னைக் காப்பாற்றிவிட்டது. குடைத் துரை சர்க்குலரில் கடைசிப் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார். ஆறு மைல் குறைந்துவிட்டதே, உனக்குச் சுகம்தானே என்று ரைட்டர் கேலி செய்தார்.

இப்போது அந்த மைதானம் முழுக்க மரச்சீனிக் கிழங்குத் தோட்டம். கிளப்புக் கட்டடத்தில் ரப்பர் ஷீட் காயப்போடுகிறார்கள். பக்கத்தில் போனாலே புளித்த நாற்றம். ஒன்பது குழியில் ஒன்றுகூட எங்கே இருந்தது என்று என்னால் காட்ட முடியாது. துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். ரைட்டர் இறந்துவிட்டார். எங்கள் ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த வருஷம் கிளப்பு அலமாரியை ஏலம் விட்டார்கள். சர்க்குலர் புத்தகங்களைக் கறையான் தின்றிருந்தது. வாழைநார்க் கட்டு மட்டும் ஒன்று முடிச்சு அவிழாமல் மண்ணில் கிடந்தது. மேல்பங்களாவுக்குக் கூரை இல்லை என்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. அந்த ஆற்றை நான் பிறகு தாண்டியதே இல்லை.

அவர் இந்த மலையில் இருந்தார் என்பதற்கு இன்று மிச்சம், என் மகளின் கல்யாணப் பதிவில் என் பெயருக்குப் பக்கத்தில் கிடக்கும் பாதி வளைவு மட்டும்தான். அதையும் அவர் போடவில்லை.