வரிசைக்கு ஒருத்தி

என் தங்கை காப்பித் தோட்டத்தைச் சுற்றிக் காட்டும் வேலை செய்கிறாள். மலையைப் பார்க்க வெளியூர்களிலிருந்து வருகிறவர்களைக் காலையில் கூட்டிக்கொண்டு போவாள். எந்த நிழல் மரத்தில் எந்தப் பறவை வந்து உட்காரும் என்று அவளுக்குத் தெரியும். பழுத்த காப்பிப் பழத்தைப் பறித்துக் கொடுத்து, "கடிக்காதீங்க, சப்புங்க" என்பாள். அந்த வழுவழுப்பும் தித்திப்பும் நாக்கில் பட்டதும் அவர்கள் முகம் மாறும். அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் அலுக்கவில்லை. நான் அதே தோட்டத்தின் எடைக் கொட்டகையில் இருக்கிறேன். பள்ளியில் பேச்சுக்குப் பரிசு வாங்கியது எங்கள் வீட்டில் அவள் ஒருத்திதான். பரிசாக வந்த அந்தத் தட்டை வாரா வாரம் துடைத்து வைப்பது நான்.

தங்கை இதற்கு முன்னால் பல வருஷம் இடுப்பில் கூடை கட்டிப் பழம் பறித்தவள். பறிக்கிற பெண்கள் வரிசைக்கு ஒருத்தியாக நின்று, ஒரே மட்டமாகச் சரிவில் இறங்குவார்கள். பனி மூடினால் பக்கத்து வரிசைக்காரி தெரியமாட்டாள். ஒருத்தி குரல் கொடுக்க, மற்றவர்கள் பதில் கொடுப்பார்கள். என் தங்கையின் குரல் மலை முழுக்கக் கேட்கும் என்பதால் அவளுக்கு மைக்செட் என்று பெயர். அவள் கூடையை விட்டதில் பலருக்கு மனத்தாங்கல். எப்போதும் அவளுக்கு அடுத்த வரிசையில் நின்றவள் பெரியக்கா. அவளுக்குத்தான் கோபம் அதிகம். "மைக்செட்டுக்கு இப்பப் பெரிய இடத்துல வாடகை கிடைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, தங்கை ஆட்களோடு கடந்து போகும்போது செடியிலிருந்து தலையைத் தூக்கவே மாட்டாள்.

மேனேஜர் ஒரு நிபந்தனையோடுதான் அனுமதி கொடுத்திருந்தார். வந்தவர்களில் யாருக்காவது ஏதாவது ஆனால் அன்றோடு அவள் சுற்றிக் காட்டும் பாதை மூடப்படும். தங்கை தன் வாழ்நாளில் தானாகக் கேட்டு வாங்கிய ஒரே வேலை அது.

போன வருஷம் பழம் பறிக்கும் காலத்தில் ஒரு நாள் ஏழு பேர் வந்தார்கள். வழக்கம்போல் அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள்: பனி வந்தால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள், நான் கூப்பிடுவேன், பதில் கொடுங்கள். சரிவின் நடுவில் பனி இறங்கியது. கூப்பிட்டாள். ஆறு குரல்தான் வந்தது. ஓய்வு பெற்ற ஓவிய வாத்தியார் ஒருவர் பதில் கொடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். கீழே ஓடைப் பள்ளம். அப்போதுதான் அவர் மனைவி சொன்னார்: "அவர் காதுல மிஷின் இல்லம்மா. நனைஞ்சிடும்னு கழட்டிப் பையில போட்டாரு."

 தங்கை எதிர்ச் சரிவில் பறித்துக்கொண்டிருந்தவர்களை நோக்கிக் கத்தினாள். குரல் உடைந்து பாதிதான் வந்தது. அதைக் கேட்டுத்தான் பெரியக்கா நிமிர்ந்திருக்கிறாள். "மைக்செட்டு ஏன்டி கரகரங்குது?" என்று மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. கூடைகளை இறக்கி வைத்தார்கள். வரிசைக்கு ஒருத்தியாக நின்று, இரண்டு பக்கச் செடிகளையும் கையால் தொட்டுக்கொண்டே ஒரே மட்டமாக இறங்கினார்கள். பெரியக்கா நேராகப் போய் அவர் மேல்தான் முட்டினாள். மனிதர் ஒரு இலையில் ஊர்ந்த நத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிக்கச் சொன்னாங்க, நின்னேன். ஏன், நேரமாயிடுச்சா?" என்று கேட்டாராம்.

சாயங்காலம் எடைக் கொட்டகைக்குக் கூடைகள் பாதியாக வந்தன. மேனேஜர் காரணம் கேட்டார். தங்கை முன்னால் வந்து, எதையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னாள். "நாளையிலேருந்து வேணாம்மா" என்றார் அவர். 

பெரியக்கா தன் கூடையைத் தராசில் வைத்தாள்.

"ஐயா, முன்னாடி இவ போறா. பின்னாடி யாரு வர்றா? ஒருத்தரும் இல்ல. அதான் தப்பு. நாங்க எல்லாரும் பக்கத்துல பக்கத்துல நின்னே பழகிட்டோம். பின்னாடி ஒரு ஆளு வருதுன்னு திரும்பிப் பாக்கவே எங்களுக்குத் தெரியாது. இனிமே எங்கள்ல ஒருத்தி கடைசியா வருவோம். பாதைய மூடாதீங்க."

அந்தப் பறிப்பு முடியும் வரை பார்ப்போம் என்றார் மேனேஜர். வருஷம் ஒன்று ஓடிவிட்டது. பாதை திறந்தேதான் இருக்கிறது.

வாத்தியாரைத் தேடியதற்கு மறுநாள் நான் பெரியக்கா வீட்டுக்குப் போனேன். "என் தங்கைக்காக நீங்க செஞ்சதை..." என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"அவளுக்காகவா தேடுனோம்? பனிக்குள்ள ஒரு மனுஷன் நிக்கிறாரு. தேடாம என்னப்பா செய்வாங்க?"

சொல்ல நினைத்த நன்றி இன்னும் என்னிடமே இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முறை வைத்துப் போவது என்றுதான் பேச்சு. ஆனால் பெரும்பாலும் பெரியக்காதான் கடைசியில் நடக்கிறாள். தங்கை எதையாவது சொல்லாமல் தாண்டிப் போனால், பின்னாலிருந்து, "ஏ மைக்செட்டு, அந்தக் குருவிக் கூட்டைக் காட்டாமப் போறியே" என்று குரல் வருமாம். அவள் எல்லோரையும் நிறுத்தித் திரும்பக் கூட்டி வந்து காட்டுவாளாம்.